அவளைத் தாய்த்தெய்வம் என்று சொல்லாதீர்கள்

ரியானன் என்று இணையத்தில் தேடிப் பாருங்கள். வெள்ளைக் குதிரை, முழு நிலா, காற்றில் பறக்கும் கூந்தல், தோளைச் சுற்றி மூன்று பறவைகள். கீழே ஒரு வரி: ‘கெல்டிக் தாய்த்தெய்வம்’. குறி சொல்லும் சீட்டுக்கட்டில் இருக்கிறாள், வாசனை மெழுகுவத்தியில் இருக்கிறாள், தியானச் செயலியில் இருக்கிறாள். 1975இல் ஃப்ளீட்வுட் மேக் குழுவின் ஸ்டீவி நிக்ஸ் அவள் பெயரில் ஒரு பாட்டுப் பாடினார். அந்தப் பெயரை அவர் எடுத்தது ஒரு ஆங்கில நாவலிலிருந்து. வெல்ஷ் மூலக்கதை அப்போது அவருக்குத் தெரியாது. அதில் தப்பு ஒன்றும் இல்லை, பாட்டு நல்ல பாட்டு. நானும் அந்தப் பாட்டைப் பிடித்துக்கொண்டுதான் மாபினோகிக்குள் போனேன்.

போய்ப் படித்த பிறகுதான் ஒன்று உறைத்தது. அந்தக் கதையில் ரொம்ப முக்கியமான ஒரு காட்சி இருக்கிறது. அதற்கு மட்டும் எந்தச் சீட்டுக்கட்டிலும் படம் கிடையாது.

ஆர்பெர்த் அரண்மனை வாசல். குதிரை ஏறுவதற்காகப் போட்டிருக்கும் படிக்கல். அதன் பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். பெற்ற பிள்ளையைக் கொன்று தின்றவள் என்று அவள்மேல் பழி. போகிற வருகிறவர்களில் விஷயம் தெரியாதவர்களாகப் பார்த்து அவளே தன் கதையைச் சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும், ‘என் முதுகில் ஏறிக்கொள்ளுங்கள், உள்ளே சுமந்து போகிறேன்’ என்று கேட்க வேண்டும். தண்டனைக் காலம் ஏழு வருடம். அவள்தான் ரியானன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பெண்ணைத் ‘தாய்த்தெய்வம்’ என்று கும்பிடுவது அவளை உயர்த்துவது போலத் தெரிகிறது. உண்மையில் அவள் பேச்சைப் பாதியில் நிறுத்துகிற வேலை அது. வெல்ஷ் கதைகளின் பெண்கள் எல்லோருக்கும் இதையே செய்துகொண்டிருக்கிறோம். இருநூறு வருடமாக நடக்கிறது, இன்னும் நிற்கவில்லை.

*

முதலில் கதை. சுருக்கமாகச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் என் வாதமே கதைக்குள்தான் இருக்கிறது.

டவெட் நாட்டு இளவரசன் புவில். ஆர்பெர்த் அருகே ஒரு மேட்டின்மேல் உட்கார்ந்திருக்கிறான். பொன்சரிகைப் பட்டு உடுத்திய ஒருத்தி வெளிர்வெள்ளைக் குதிரையில் மெதுவாகப் போகிறாள். ஆள் அனுப்பித் துரத்துகிறான். குதிரையை எவ்வளவு விரட்டினாலும் அவளை எட்ட முடியவில்லை, அவளோ அதே நிதானத்தில் போய்க்கொண்டிருக்கிறாள். மூன்றாம் நாள் புவிலே துரத்திப் பார்த்துவிட்டு, கடைசியில் வாயைத் திறந்து, ‘நில்லம்மா’ என்று கேட்கிறான். உடனே நிற்கிறாள். இதை முன்னாடியே கேட்டிருந்தால் உன் குதிரைக்காவது நல்லதாக இருந்திருக்குமே என்கிறாள். அவளுடைய முதல் பேச்சே கிண்டல்தான்.

விருப்பமில்லாத ஒருவனுக்குத் தன்னைக் கட்டிவைக்கப் பார்க்கிறார்கள், எனக்கு உன்னைத்தான் பிடித்திருக்கிறது என்று அவளே சொல்கிறாள். கல்யாண விருந்தில் யாரோ ஒருவன் வந்து வரம் கேட்க, எது கேட்டாலும் தருகிறேன் என்று புவில் உளறிவிடுகிறான். வந்தவன் அந்தப் பழைய மாப்பிள்ளை, க்வவுல். அவன் கேட்டது ரியானனை. புத்தியை இவ்வளவு மந்தமாகப் பயன்படுத்தின ஆம்பளை வேறு எவனும் இல்லை என்று சபையிலேயே புவிலைத் திட்டுகிறாள். அப்புறம் அந்தச் சிக்கலிலிருந்து வெளியே வர யோசனை சொல்வதும் அவள்தான்.

கல்யாணமாகி மூன்றாம் வருடம் ஊர்ப்பெரியவர்கள் புவிலிடம் வருகிறார்கள். குழந்தை இல்லை, வேறு ஒருத்தியைக் கட்டிக்கொள் என்கிறார்கள். ஒரு வருடம் பொறுங்கள் என்கிறான். அந்த வருடம் முடிவதற்குள் ஆண் குழந்தை பிறக்கிறது. பிறந்த அன்று ராத்திரி காவலுக்கு வைத்த ஆறு பெண்களும் தூங்கிப்போகிறார்கள். விழித்துப் பார்த்தால் குழந்தையைக் காணோம். பயம். அங்கே ஒரு வேட்டைநாய் குட்டி போட்டிருந்தது. அந்தக் குட்டிகளில் சிலதைக் கொன்று, தூங்குகிற ரியானனின் முகத்திலும் கையிலும் ரத்தத்தைப் பூசி, எலும்புகளை முன்னால் போட்டுவிட்டு, இவளே பிள்ளையைக் கொன்றுவிட்டாள் என்று சத்தியம் செய்கிறார்கள். அவள் கெஞ்சுகிறாள். பயத்தால் சொல்கிறீர்கள் என்றால் நான் உங்களைக் காப்பாற்றுகிறேன் என்றுகூடச் சொல்லிப் பார்க்கிறாள். ஆறு பேரும் ஒரே வாய். பெரியவர்களைக் கூப்பிட்டு ஆலோசனை கேட்டுவிட்டு, இவர்களோடு மல்லுக்கு நிற்பதைவிடத் தண்டனையை ஏற்றுக்கொள்வது மேல் என்று முடிவெடுக்கிறாள். வாசலில், படிக்கல் பக்கத்தில், உட்காருகிறாள்.

பிள்ளை உயிரோடுதான் இருந்தான். தேர்னன் என்கிற பிரபுவின் வீட்டில் வளர்ந்தான். நாலாம் வருடம் அவனுடைய முகத்தில் புவிலின் ஜாடை தெரிய, தேர்னன் அவனைக் கூட்டிக்கொண்டு வருகிறான். வாசலில் ரியானன் எழுந்து வந்து, முதுகில் ஏறச் சொல்கிறாள். தேர்னன் மறுக்கிறான். யார் வேண்டுமானாலும் ஏறட்டும், நான் ஏற மாட்டேன் என்கிறான் அந்தச் சிறுவன். அவன் தன் மகன் என்று அவளுக்குத் தெரியாது, அவள் தன் அம்மா என்று அவனும் அங்கே சொல்லவில்லை. பிறகு உண்மை வெளியானதும், என் கவலை தீர்ந்தது என்ற பொருளில் அவள் சொன்ன சொல்லிலிருந்தே பிள்ளைக்கு பிரடேரி என்று பெயர் வைக்கிறார்கள். ‘பிரடெர்’ என்றால் வெல்ஷ் மொழியில் கவலை.

இதில் தாய்மை இல்லையா என்று கேட்டால், முழுக்க முழுக்க அதுதான் இருக்கிறது. ஆனால் எந்தத் தாய்மை? பிள்ளை பெறாவிட்டால் துரத்திவிடலாம், பெற்ற பிள்ளைக்கு ஏதாவது ஆனால் முதல் குற்றவாளி அவள், சாட்சி சொல்ல ஆறு பேர் இருந்தால் அவள் பேச்சு எடுபடாது. ஒரு பெண்ணைத் தாய் என்கிற ஒரே தராசில் வைத்து நிறுக்கும் சமூகத்தைப் பற்றிய கதை இது. 1350ஐ ஒட்டி எழுதப்பட்ட ரைடெர்க் வெள்ளைப் புத்தகத்திலும், 1400ஐ ஒட்டி எழுதப்பட்ட ஹெர்கெஸ்ட் சிவப்புப் புத்தகத்திலும் அந்தக் கதை இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. அதைப் படித்துவிட்டு, ‘ஆஹா, வளமையின் தாய்த்தெய்வம்’ என்று சொல்ல எப்படி மனசு வருகிறது?

*

எப்படி வந்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு.

1809இல் எட்வர்ட் டேவிஸ் என்கிற பாதிரியார் ட்ரூயிட் பூசாரிகளின் சடங்குகளைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதினார். தாலியெசின் கதையில் கெரிட்வென் என்று ஒருத்தி வருகிறாள். அவலட்சணமாகப் பிறந்த மகனுக்கு அறிவாவது வரட்டும் என்று ஒரு வருடமும் ஒரு நாளும் அண்டாவில் மூலிகைக் கஷாயம் காய்ச்சுகிற அம்மா அவள். அந்தக் கதையில் அவளைக் கோயில் கட்டிக் கும்பிட்டதாக ஒரு வார்த்தையும் இல்லை. டேவிஸ் அவளைப் பிரிட்டனின் மகாதேவியாக்கினார். ட்ரூயிட் மதத்தின் நடுவே உட்கார வைத்தார். ஆதாரம் என்ன என்றால் அவருடைய உற்சாகம்.

1838இலிருந்து சார்லட் கெஸ்ட் மாபினோகியை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். 1849இல் மூன்று தொகுதிகளாக அது முழுமையாயிற்று. டௌலைஸ் இரும்பாலை முதலாளியின் மனைவி, பத்துப் பிள்ளைகள், அதற்கு நடுவே வெல்ஷ் கற்றுக்கொண்டு இதைச் செய்தார். கூச்சமான இடங்களைப் பூசி மெழுகினார் என்றாலும், இந்தக் கதைகள் உலகத்துக்குத் தெரிந்தது அவரால்தான். அதே 1849இல் ஜெர்மனியில் எட்வார்ட் கெர்ஹார்ட் என்ற அறிஞர், கிரேக்கப் பெண் தெய்வங்கள் எல்லோருக்கும் பின்னால் ஒரே ஒரு ஆதிப் பெருந்தாய்தான் இருந்திருக்க வேண்டும் என்று ஒரு யோசனை சொன்னார். 1861இல் பாஹோஃபென், உலகம் முழுக்க முதலில் தாயாட்சிதான் இருந்தது என்று எழுதினார். யோசனையாகத் தொடங்கியது கொஞ்சம் கொஞ்சமாகக் கொள்கையாயிற்று. அப்புறம் எங்கே தோண்டினாலும் பெண் உருவம் கிடைத்தால் அது அவள்தான் என்று ஆகிப்போனது. 1960களின் கடைசியில் பீட்டர் உக்கோவும் ஆண்ட்ரூ ஃப்ளெமிங்கும், மண்பொம்மையும் கல்லும் அப்படி எதையும் சொல்லவில்லையே என்று கேட்ட பிறகுதான் தொல்லியல்காரர்கள் கொஞ்சம் நிதானமானார்கள்.

அதற்குள் 1948இல் ராபர்ட் கிரேவ்ஸின் ‘வெள்ளைத் தெய்வம்’ வந்துவிட்டது. கன்னி, தாய், கிழவி என்று மூன்று முகம் கொண்ட ஒரே தேவி. எல்லா உண்மையான கவிதையும் அவளுக்கான வழிபாடு. கிரேவ்ஸ் பெரிய எழுத்தாளர், அந்தப் புத்தகத்தை வாசிப்பதில் ஒரு போதை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அவர் வெல்ஷ் கவிதைகளைப் படித்தது பெரும்பாலும் பழைய மொழிபெயர்ப்புகள் வழியாக. அவருடைய தேவி ஒரு ஆண் கவிஞனுக்கு எழுச்சி தருவதற்காகவே இருக்கிறவள். ஸ்டீவி நிக்ஸின் பாட்டைவிட இந்தப் புத்தகம்தான் இன்றைய சீட்டுக்கட்டு ரியானனுக்கு நேரடிப் பாட்டி.

கன்னி, தாய், கிழவி என்கிற அந்தப் பகுப்பையே கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பெண்ணை எதை வைத்து மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள்? பிள்ளை பெறுவதற்கு முன்னால், பெறும்போது, பெற முடியாத போது. அவ்வளவுதான். இதைப் பெண்விடுதலை என்று எனக்கு விற்க வராதீர்கள்.

*

சரி, பழைய காலத்துத் தாய்த்தெய்வங்களுக்கு ஆதாரமே கிடையாதா? இருக்கிறது. நிறையவே இருக்கிறது. அதைப் பார்த்தால் அந்த ஒற்றைத் தாய் இன்னும் பலவீனமாகிவிடுகிறாள் என்பதுதான் வேடிக்கை.

ரோமப் பேரரசு காலத்தில் ரைன் நதிக்கரையிலும் கால் நாட்டிலும் பிரிட்டனிலும் ‘மாத்ரெஸ்’, ‘மாத்ரோனே’ என்று லத்தீனில் பெயர் பொறித்த கற்கள் ஆயிரத்துக்கும் மேல் கிடைத்திருக்கின்றன. மாத்ரெஸ் என்றால் அம்மாக்கள். பன்மையைக் கவனியுங்கள். பெரும்பாலும் மூன்று பேர் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். மடியில் பழக்கூடை, சில இடங்களில் குழந்தை. ரைன் பகுதிச் சிற்பங்களில் ஓரத்து இரண்டு பேர் பெரிய வட்டமான தலையணி போட்டிருப்பார்கள், நடுவில் இருப்பவள் தலைமுடியை விரித்துவிட்ட இளம்பெண். கிழவி எங்கே? கிடையாது. கிரேவ்ஸின் சூத்திரத்துக்குள் இந்தக் கல் அடங்காது.

அவர்களுடைய பெயர்கள் இன்னும் சுவாரசியம். ஒவ்வொரு ஊருக்கும் குலத்துக்கும் வேறு வேறு அம்மாக்கள். பான் நகரில் அவுஃபானியே அம்மாக்கள், பெஷ் கிராமத்தில் வகல்லினேஹே அம்மாக்கள். இந்தப் பெயர்களில் பல கெல்டிக் மொழிப் பெயர்களே அல்ல, ஜெர்மானிய மொழிப் பெயர்கள். ‘கெல்டிக் தாய்த்தெய்வம்’ என்று நாம் ஆசையாகச் சொல்கிற கல்லில் பாதிக்கு அந்த முன்னொட்டே பொருந்தாது.

எனக்கு ரொம்பப் பிடித்த கற்கள் இரண்டு. ஒன்று இங்கிலாந்தின் வின்செஸ்டரில் கிடைத்தது. அன்டோனியஸ் லூக்ரேஷியானஸ் என்கிற ஒரு ராணுவ அலுவலர் வைத்த பலிபீடம். இத்தாலியின் அம்மாக்களுக்கு, ஜெர்மனியின் அம்மாக்களுக்கு, காலின் அம்மாக்களுக்கு, பிரிட்டனின் அம்மாக்களுக்கு என்று வரிசையாகப் பொறித்திருக்கிறான். இன்னொன்று யார்க்கில் கிடைத்தது. ஆறாம் படையணியைச் சேர்ந்த, படகுச் சுக்கான் பிடிக்கிற மார்க்கஸ் மினூசியஸ் ஆடென்ஸ் வைத்தது. அதில் ஆப்பிரிக்காவின், இத்தாலியின், காலின் அம்மாக்கள்.

ஊர்விட்டு ஊர் வந்து மழையிலும் குளிரிலும் வேலை பார்க்கிற ஒருவன், தான் இருந்த, கடந்துவந்த ஊர்களின் அம்மாக்களை எல்லாம் ஒரு கல்லில் கூப்பிடுகிறான் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஒருத்தியைக் கூப்பிட்டால் இன்னொருத்தி வர மாட்டாள் என்பதால்தானே தனித்தனியாகப் பெயர் சொல்கிறான்? எல்லாம் ஒரே தாயின் வடிவங்கள் என்று நாம் அவனுக்கு விளக்கினால், அவன் நம்மை ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பான். அவனுக்குத் தேவைப்பட்டது தத்துவம் அல்ல. ஆப்பிரிக்காவில் இருக்கிறவள் ஆப்பிரிக்காவிலிருந்து வர வேண்டும்.

நாங்கள் மென்பொருள் எழுதுகிறவர்கள் அடிக்கடி செய்கிற ஒரு தப்பு உண்டு. இரண்டு இடத்தில் ஒரே மாதிரி நாலு வரி கண்ணில் பட்டதும், உடனே இரண்டுக்கும் பொதுவாக ஒரு பேஸ் கிளாஸ் எழுதிவிடுவோம். அழகாக இருக்கும். அப்புறம் மூன்றாவது ஒன்று வரும், அதற்காக ஒரு விதிவிலக்கு. நாலாவதுக்கு இன்னொன்று. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் அந்த பேஸ் கிளாஸில் உருப்படியாக ஒன்றும் இருக்காது, விஷயம் எல்லாம் விதிவிலக்குகளில்தான் இருக்கும். மகா தாய் என்பவள் அப்படிப்பட்ட பேஸ் கிளாஸ். ரியானன் கிண்டல் பேசுகிறாள், அது விதிவிலக்கு. அவுஃபானியே மூன்று பேர், அது விதிவிலக்கு. அரியன்ரோடுக்குப் பிள்ளையே வேண்டாம், அதுவும் விதிவிலக்கு. அப்புறம் அந்தத் தாயிடம் மிச்சம் என்னதான் இருக்கிறது?

*

அரியன்ரோடிடம்தான் நான் வர வேண்டியிருந்தது.

மாபினோகியின் நாலாவது கிளை. க்வினெத் நாட்டு அரசன் மாத், போர் இல்லாத காலத்தில் ஒரு கன்னிப்பெண்ணின் மடியில் காலை வைத்திருந்தால்தான் உயிர் வாழ்வான். அந்தப் பெண் கோயெவின். அவள்மேல் ஆசைப்பட்ட கில்வைத்விக்காக அவன் அண்ணன் குவிதியன் ஒரு போரையே மூட்டிவிட்டு, மாத் வெளியே போன சமயம் பார்த்து, தம்பி அவளை அவன் கட்டிலிலேயே வன்புணர்வு செய்ய வழி பண்ணிக்கொடுக்கிறான். மாத் திரும்பி வந்ததும் கோயெவின் நடந்ததை மறைக்காமல் அவனிடம் சொல்கிறாள். நான் கத்தினேன், இங்கே இருந்தவர்கள் எல்லோருக்கும் தெரியும் என்கிறாள். இடைக்காலக் கதை ஒன்றில் இப்படி ஒரு வாக்குமூலம் இருக்கிறது. மாத் அவளைத் தன் ராணியாக்குகிறான், அந்த இருவரையும் மூன்று வருடம் விலங்குகளாக அலைய விடுகிறான்.

அடுத்த கன்னிக்கு ஆள் தேடும்போது குவிதியன் சிபாரிசு செய்வது தன் தங்கை அரியன்ரோடை. கன்னிதானா என்று சோதிக்க மாத் தன் மந்திரக்கோலை வளைத்துப் பிடிக்கிறான், தாண்டச் சொல்கிறான். எல்லோர் முன்னாலும் தாண்டுகிறாள். தாண்டும்போதே ஒரு ஆண் குழந்தை விழுகிறது, கூடவே சின்னதாக இன்னொன்று. அவள் வாசலை நோக்கி ஓடுகிறாள். அந்தச் சின்னதைக் குவிதியன் எடுத்துத் துணியில் சுற்றிப் பெட்டியில் ஒளித்து வைக்கிறான், அதுவும் ஒரு பையனாகிறது. யார் அப்பா என்று கதை சொல்லவில்லை. அவளையும் யாரும் கேட்கவில்லை.

சில வருடம் கழித்து அந்தப் பையனை அவள் கோட்டைக்கே கூட்டிக்கொண்டு போய், இவன் உன் மகன் என்கிறான் அண்ணன். என் அவமானத்தை இத்தனை நாள் வளர்த்து என் முன்னாலேயே கொண்டுவந்து நிறுத்துகிறாயே, உனக்கு என்ன வந்தது என்று கேட்கிறாள். நான் பெயர் வைக்காமல் இவனுக்குப் பெயர் கிடையாது என்று விதிக்கிறாள். குவிதியன் செருப்புத் தைக்கிறவனாக வேஷம் போட்டு வந்து அவள் வாயாலேயே பெயரைப் பிடுங்குகிறான். நான் கொடுக்காமல் ஆயுதம் கிடையாது என்கிறாள். இல்லாத கப்பற்படையைக் காட்டிப் பயமுறுத்தி அவள் கையாலேயே ஆயுதம் கட்ட வைக்கிறான். மனிதக் குலத்தில் இவனுக்கு மனைவி கிடையாது என்கிறாள். ஓக் பூ, மஞ்சள் ப்ரூம் பூ, புல்வெளிப் பூ மூன்றிலுமிருந்து ஒரு பெண்ணையே செய்துவிடுகிறார்கள். ப்ளோடைவெத் என்ற அந்தப் பெண்ணிடமும் யாரும் சம்மதம் கேட்கவில்லை. அவள் வேறொருவனை விரும்பிக் கணவனைக் கொல்லச் சதி செய்ததும், ஆந்தையாக்கித் துரத்திவிட்டார்கள்.

வரிசையாகப் பார்த்தால் இது ஒரே விஷயத்தின் கதை. தான் எதுவாக இருக்க வேண்டும் என்று ஒரு பெண் சொல்வதை யாரும் கேட்காத கதை. ஒரு அம்மா செய்ய வேண்டிய மூன்று கடமைகளையும் அரியன்ரோடிடமிருந்து ஏமாற்றி வாங்குகிறான் குவிதியன். மாட்டேன் என்று மூன்று தடவை சொல்கிறாள், மூன்று தடவையும் அவளை அம்மாவாக்குகிறான்.

இப்போது எந்தத் தேவிக் கையேட்டை வேண்டுமானாலும் புரட்டிப் பாருங்கள். அரியன்ரோட்: வெள்ளிச் சக்கரம், நிலா, தாய்த்தெய்வம்.

இது நாலாவது ஏமாற்று. குவிதியனுக்காவது மந்திரம் தெரிந்திருக்க வேண்டியிருந்தது. நமக்கு ஒரு சொல் போதும். டினாஸ் டின்லே கடற்கரைக்கு எதிரே, தண்ணீர் வடியும்போது தலைகாட்டும் ஒரு பாறைத்திட்டுக்கு அவள் கோட்டையின் பெயர் இன்றும் இருக்கிறது. அந்தத் திட்டு அவளை அம்மா என்று கூப்பிடவில்லை, பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறது.

*

எதிர்த்தரப்பில் மூன்று நியாயங்கள் சொல்வார்கள். மூன்றுமே லேசானவை அல்ல.

முதலாவது, மொழியியல். மோட்ரன் என்ற வெல்ஷ் பெயர் மாத்ரோனா என்ற பழைய தெய்வப் பெயரிலிருந்து வந்தது, அவள் மகன் மாபோன் மபோனோஸ் என்ற தெய்வத்திலிருந்து வந்தவன். இது உண்மை, முழுசாக ஒத்துக்கொள்கிறேன். மாத்ரோனா பிரான்ஸின் மார்ன் நதி, மபோனோஸுக்கு வட இங்கிலாந்தில் கல்வெட்டுகள் இருக்கின்றன. பிறந்து மூன்று ராத்திரியில் தாயிடமிருந்து களவு போன பிள்ளை மாபோன் என்று ‘குல்ஹூக் அ ஓல்வென்’ கதை சொல்கிறது. ரியானனின் பிள்ளையும் களவு போனான், ஆகவே ரியானனும் மோட்ரனும் ஒன்று என்கிற பக்கம் டபிள்யூ. ஜே. க்ரஃபித் போன்ற பெரிய அறிஞர்கள் போனார்கள். ரியானன் என்பது ‘ரிகன்டோனா’, அதாவது மகாராணி, என்பதிலிருந்து வந்தது என்பார்கள்.

இந்த ரிகன்டோனா என்ற சொல் எந்தக் கல்லிலும் கிடைக்கவில்லை. ஒலிமாற்ற விதிகளை வைத்து அறிஞர்கள் பின்னோக்கிக் கட்டிய சொல். அதனால்தான் அவர்கள் எழுதும்போது முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போடுவார்கள். ‘இது ஊகம்’ என்பதற்கான நாணயமான குறி அது. இணையத்துக்கு வந்து சேரும்போது அந்த நட்சத்திரம் உதிர்ந்துபோகிறது, தெய்வம் மட்டும் மிச்சம். அப்படியே ஊகம் சரியாக இருந்தாலும், ஒரு பெயர் எங்கிருந்து வந்தது என்பது அந்தப் பெயரைத் தாங்கியவள் என்ன ஆனாள் என்பதற்குப் பதில் ஆகாது. பள்ளியில் உங்களோடு படித்த லட்சுமி திருமகளா?

தனு விஷயமும் இதே ரகம். வெல்ஷ் டோன், அயர்லாந்தின் தனு, ரிக்வேதத்தின் தனு மூவரும் ஒரே நதித்தாய் என்று தமிழிலும் அவ்வப்போது யாராவது பரவசமாகப் பகிர்வார்கள். டோன் மாபினோகியில் வெறும் பெயர், அவளுடைய பிள்ளைகள்தான் கதையில் வருகிறார்கள், அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. ‘தனு’ என்ற வடிவம் பழைய ஐரிஷ் ஏடுகளில் இல்லை, தானன் என்பதிலிருந்து மீட்டெடுத்தது, மறுபடியும் நட்சத்திரம். ரிக்வேதத்துத் தனு யார்? விருத்திரனின் அம்மா. இந்திரன் அடிக்கும்போது மகன்மேல் கவிந்து விழுந்து, கன்றோடு கிடக்கிற பசுவைப் போலச் செத்துக் கிடக்கிறாள். அந்த ஒரு காட்சியின் கனத்தை விட்டுவிட்டு பெயர்ப் பொருத்தம் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இரண்டாவது நியாயம்: இதை எல்லாம் எழுதியது கிறித்தவத் துறவிகள், அவர்கள் தேவியை மறைத்துவிட்டார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த வாதத்தில் ஆதாரம் இல்லாததே ஆதாரமாகிவிடுகிறது, அதற்கப்புறம் எதையும் நிரூபிக்கலாம். தவிர, கி.பி. 900 வாக்கில் அயர்லாந்தில் தொகுத்த கோர்மக்கின் சொல்லகராதி, அனா என்பவள் அயர்லாந்துத் தெய்வங்களின் தாய், அவர்களை நன்றாக ஊட்டி வளர்த்தவள் என்று கூசாமல் சொல்கிறது. கெர்ரியில் இரட்டை மலைகளுக்கு அவளுடைய முலைகள் என்றே பெயர். அந்தக் கோர்மக் ஒரு பிஷப். தாய்த்தெய்வம் உண்மையில் இருந்த இடத்தில், பிஷப்பே இருந்தது என்று எழுதிவைத்திருக்கிறார். எழுதாத இடத்திலும் அவளைத் திணிக்க நமக்கு என்ன உரிமை?

மூன்றாவதுதான் கஷ்டமானது. என்னைவிட வயதில் சின்னவரான ஒரு தோழி இதைச் சொன்னார். ‘ஆண் கடவுள்களாலேயே நிறைந்த உலகத்தில் எங்களுக்கு என்று ஒருத்தி வேண்டியிருக்கு. அவ 1948ல பிறந்தா என்ன, 1809ல பிறந்தா என்ன? நீங்க ஏன் தேதி பார்த்துட்டு இருக்கீங்க?’

தேதி பார்த்து யாருடைய வழிபாட்டையும் நிறுத்த நான் வரவில்லை. வேல்ஸில் ஒருத்தி இன்றைக்கு ரியானனுக்கு விளக்கேற்றினால் அந்த விளக்கு நிஜம்தான். எல்லா மதமும் ஒருநாள் புதுசாக இருந்ததுதான். என் சண்டை வாசிப்பைப் பற்றியது. தோழியிடமும் இதைத்தான் சொன்னேன்: உனக்கு வேண்டியவள் ஏற்கெனவே அந்தப் புத்தகத்தில் இருக்கிறாள். துரத்தாதே, கேள் என்று சொல்கிற ரியானன். நடந்ததை மறைக்காமல் சொன்ன கோயெவின். அயர்லாந்துக்குக் கட்டிக்கொடுக்கப்பட்டு, அடுப்படியில் தினமும் அறை வாங்கிக்கொண்டே ஒரு மைனாவுக்குப் பேசப் பழக்கி அண்ணனுக்குத் தூது விட்ட பிரான்வென். நிறைமாதத்தில் அரசனின் குதிரைகளோடு ஓடச் சொன்னபோது, உங்களையும் ஒரு தாய்தானே பெற்றாள் என்று கூட்டத்தைப் பார்த்துக் கெஞ்சிவிட்டு, யாரும் அசையாததால் ஓடி, ஜெயித்து, அங்கேயே இரட்டைப் பிள்ளை பெற்று, அல்ஸ்டர் ஆண்கள் ஒன்பது தலைமுறைக்குப் பிரசவ வலி அனுபவிக்கட்டும் என்று சபித்த மாகா. இவர்களை ஒரே தேவியின் நிழலாக்கினால், இவர்கள் பட்டதும் பேசியதும் குறியீடாகிவிடும். குறியீட்டுக்கு வலிக்காது. அறைந்தவனைப் பற்றி அப்புறம் யாரும் கேட்க மாட்டார்கள்.

அவர் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. ‘ரெண்டும் இருக்கட்டுமே’ என்றார். இருக்கலாம்தான். ஆனால் நான் பார்த்த வரைக்கும் தெய்வம் இருக்கிற இடத்தில் கதை இருப்பதில்லை. சீட்டுக்கட்டு வைத்திருக்கிற எத்தனை பேருக்கு அந்தப் படிக்கல் தெரியும்?

நல்ல மொழிபெயர்ப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. 2007இல் வந்த சியோனெட் டேவிஸின் ஆங்கில மொழிபெயர்ப்பு சத்தம் போட்டுப் படிக்கத் தோதானது, அவர் இதை நிகழ்த்துகலையாகவே அணுகியவர். நாலு கிளைகளையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம். முன்னுரை, அகராதி, தேவிப் பட்டியல் எதையும் முதலில் தொடாதீர்கள். நேராக வாசலுக்குப் போங்கள்.

அங்கே அவள் உட்கார்ந்திருப்பாள். தன் கதையைச் சொல்வாள். சொல்லி முடித்ததும் முதுகில் ஏறச் சொல்வாள். வந்தவர்களில் ஏறியவர்கள் ரொம்பக் குறைவு என்று கதை சொல்கிறது. இருநூறு வருடமாக அவள் முதுகில் ஏறி உட்கார்ந்து, அதற்குத் தரிசனம் என்று பேர் வைத்திருப்பவர்கள் நாம்தான். இறங்குவோம். இறங்கி, அவள் சொல்வதைக் கேட்போம்.